சொல்லிக்கொண்டு இறங்கியவன்

அட்டையை அவன் கையில் கொடுக்க முடியவில்லை. இரண்டு கைகளும் முழங்கை வரை புழுமருந்தில் ஊறியிருந்தன. ஒரு பெட்டையாட்டைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்து, அதன் வால்புறத்து மயிரைக் கத்தரித்துக்கொண்டிருந்தான் சிப்ரியானோ. அந்த அட்டையைக் கொடுப்பதற்காகவே நகரத்திலிருந்து மண்பாதையில் என் பழைய வண்டியை உருட்டிக்கொண்டு, வழியில் இரண்டு முறை இறங்கிக் கல்லைப் புரட்டிவிட்டு வந்திருந்தேன் நான். அரசாங்கம் அனுப்பிய வேலை அனுமதி அட்டை. அந்த உறையைப் பிரித்தபோது துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"கண்ணுக்கு நேரா பிடி" என்றான்.

பிடித்தேன். கழுத்தை நீட்டிப் புகைப்படத்தைப் பார்த்தான்.

"யாரு இவன்? எங்க ஊர்ல அல்பாக்காவுக்கு மயிர் வெட்டினதும் இப்படித்தான் முழிக்கும்."

"சிப்ரியானோ, இனிமே நீ யார்கிட்ட வேணும்னாலும் வேலை பாக்கலாம். புரியுதா? இந்த ஆட்டோட பின்பக்கத்தைப் பாக்க வேண்டியதில்ல."

"புரியுது. கொஞ்சம் தள்ளி நில்லு, உதைக்கும்."

அவ்வளவுதான். ஆடு உதறிக்கொண்டு எழுந்து மந்தைக்குள் ஓடியது. அவன் வாளியில் கையைக் கழுவினான். பிறகு அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ரொட்டி வெந்திருக்கும் என்று, மலையில் தான் தங்கியிருந்த கூண்டுவண்டியை நோக்கி நடந்தான். நான் பாதையில் நினைத்துக்கொண்டு வந்த காட்சி வேறு. அதில் அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். என் எடைக்கு அது ஆகாத காரியம்தான், இருந்தாலும் நினைப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொலராடோவின் வடமேற்கு மூலையில், கால்நடையும் நிலக்கரியும் தவிர வேறு பேச்சில்லாத ஊர் எங்களுடையது. அங்கே ஒரு சலவை நிலையம் நடத்துகிறேன், காசு போட்டால் ஓடும் இயந்திரங்கள். என் முதல் கணவன் ஒரு வியாழக்கிழமை டயர் மாற்றிவிட்டு வருகிறேன் என்று போனான். டயர் மாற்றினானோ இல்லையோ, வரவில்லை. அதன் பிறகு எட்டு வருடம் மற்றவர்கள் துணி சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் மந்தைகள் தாழ்நிலத்துக்கு வரும்போது பெரு நாட்டு மேய்ப்பர்கள் கம்பளிகளைத் துவைக்க வருவார்கள். அவர்களில் ஒருவன் இயந்திரத்தின் வடிகட்டியில் சேர்ந்த ஆட்டுமயிரைத் தானே சுத்தம் செய்துவிட்டுப் போனான். ஊரில் வேறு எவனும் அதைச் செய்ததில்லை. என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, "வடிகட்டியைத் தொடச்சதுக்கா கட்டிக்கிட்ட?" என்றாள். ஆமாம், அதற்குத்தான்.

போன வருடம் இலை துளிர்க்கும் காலத்தில் கல்யாணம். அதைக் காட்டி அவனுடைய நிரந்தர வசிப்புரிமைக்கு, எல்லோரும் கிரீன் கார்டு என்கிறார்களே, அதற்கு மனுப் போட்டோம். மனு நிலுவையில் இருக்கிறது. அவன் இந்த நாட்டில் நிற்பதோ ஆட்டு விசாவில், ஆடு மேய்க்க மட்டும் கொடுப்பது. அந்த விசா ஒரே ஒரு முதலாளியோடு கட்டிப்போட்டது. நிக் கரவாஸ் என்பவர். அவருடைய மந்தையை விட்டு நகர்ந்தால் விசாவும் போயிற்று. கோடை முழுவதும் சிப்ரியானோ மலையில். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு நான் மேலே போவேன். கூண்டுவண்டியின் பின்கோடியில் குறுக்காக ஒரு கட்டில். நான், அவன், மழை பெய்தால் சாஸ்கா என்கிற நாய். புருஷன் பொண்டாட்டியாக நாங்கள் வாழ்ந்த வீடு அதுதான்.

வக்கீலம்மா தெளிவாகத்தான் சொன்னார். "இப்ப அவருக்கு ரெண்டு கயிறு இருக்கு. வேலை ஒண்ணு, நீங்க ஒண்ணு. வேலையை விட்டா முதல் கயிறு அறுந்துபோச்சு. கல்யாண மனு தள்ளுபடி ஆனா அப்புறம் பிடிக்க ஒண்ணுமில்ல, ஊருக்குத்தான் போகணும். அதுக்காக மலையிலயே இருந்தாருன்னா, டென்வர்ல அதிகாரி கேப்பாரு, ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்கன்னு. நீங்க என்ன சொல்வீங்க?" எது செய்தாலும் ஆபத்து என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லத்தான் படித்திருக்கிறார்கள். நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அட்டை வந்ததும் இறங்கிவிட வேண்டும். குளியலறையில் அவனுக்கென்று ஒரு ஆணிகூட அடித்து வைத்திருந்தேன்.

ரொட்டியைப் பிய்த்து எனக்கு ஒரு துண்டு கொடுத்தபோது அதைச் சொன்னேன். ஆணியைப் பற்றி அல்ல, இறங்குவதைப் பற்றி.

"இன்னிக்கேவா?" என்றான்.

"வண்டி இருக்கு. நான் இருக்கேன். வேற என்ன வேணும்?"

"மந்தை?"

"நாய் பாத்துக்கும். கரவாஸுக்குக் கீழ போய்ப் போன் பண்ணிடலாம். எல்லாரும் அப்படித்தான போறாங்க?"

உண்மைதான். எங்கள் பக்கத்து மலைகளில் எந்த மேய்ப்பனும் வேலையை விட்டதாகச் சொன்னது கிடையாது. ஓடித்தான் போவார்கள். முகடு தாண்டி இறங்கினால் நெடுஞ்சாலை. அங்கே எவனாவது சொந்தக்காரன் வண்டியோடு காத்திருப்பான். முதலாளி வந்து பார்க்கும்போது அடுப்பு ஆறிக் கிடக்கும், நாய் தனியாகத் திரும்பி வந்து வண்டிக்கடியில் படுத்திருக்கும். நாயைத் தனியாகப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள். ஆனால் ஓடுகிறவன் தான் மட்டும் ஓடுவதில்லை. பெருவில் ஆள் எடுக்கிற தரகர்கள் அவனுடைய குடும்பத்துப் பெயரையே அடித்துவிடுவார்கள். அண்ணன் தம்பி மச்சான் ஒருவனுக்கும் பிறகு வேலை இல்லை. சிப்ரியானோவின் தம்பி அமாதோர் இரண்டு குழந்தைகளோடு அங்கே தன் முறைக்காகக் காத்திருந்தான்.

"ஓட மாட்டேன்" என்றான் சிப்ரியானோ.

"அப்ப சொல்லிட்டு வா."

அவன் தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, திரும்பவும் அடுப்பிலேயே வைத்தான். அந்த மனிதனை எனக்குத் தெரியும். பாத்திரத்தை இரண்டு முறை நகர்த்தினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

"என்னை நம்பலையா நீ?" என்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "ரெண்டாவது கயிறு கெட்டியா இல்லன்னுதான் முதல் கயிறை விடாமப் பிடிச்சிருக்கியா?"

"நீதான் என்னை நம்பாமப் போயிடுவ."

"நானா?"

"இங்க பாரு. இப்ப நான் என் காலுல நிக்கிறேன். அழுக்கு விசாதான், ஆட்டு விசாதான், ஆனா என்னுது. உன்கிட்ட வரேன்னா, வரணும்னு தோணி வரேன். நீ கதவைச் சாத்தினாலும் எனக்கு இந்த வண்டி இருக்கு, அது உனக்கும் தெரியும். இறங்கிட்டா?" ரொட்டித்தூளை உள்ளங்கையில் கூட்டினான். "அப்புறம் நான் இந்த நாட்டுல நிக்கிறதே உன் கையெழுத்துல. நாளைக்கு ஒரு சண்டை வரும். நான் வாயை மூடிக்கிட்டு இருப்பேன். நீ நினைப்ப, இவன் என் மேல இருக்கிற பிரியத்துல சும்மா இருக்கானா, பேப்பருக்காகச் சும்மா இருக்கானான்னு. அப்படி ஒரு தடவை நீ நினைச்சுட்டன்னா, அது போகாது லொரீன்."

எனக்குச் சுரீரென்றது. இல்லை, அப்படி நினைக்க மாட்டேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வியாழக்கிழமை டயர் மாற்றப் போனவன் நினைவுக்கு வந்தான். அந்த ஒரு நொடி தாமதத்தை சிப்ரியானோ பார்த்துவிட்டான்.

"அப்ப நீ கடைசி வரைக்கும் என் வீட்டுக்கு விருந்தாளியாத்தான் வரணுமா?" என்றேன். "விருந்தாளிக்கெல்லாம் நான் ஆணி அடிச்சு வைக்கிறதில்ல."

"என்ன ஆணி?"

"ஒரு ஆணியும் இல்ல. உருளைக்கிழங்கை இறக்கி வை, நான் கிளம்புறேன்."

கோபத்தோடு மண்பாதையில் இறங்குவது நல்லதல்ல. வண்டியின் அடித்தகடு ஒன்று அன்றைக்குக் கழன்று போனது. அந்த வாரம் முழுவதும் சலவை நிலையத்தில் யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன். முகட்டின் மேல் ஏறினால்தான் அவனுக்குப் போன் பேச முடியும். தினமும் சாயங்காலம் ஏறிக் கூப்பிடுவான். இரண்டு நாள் நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தேன். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை முதலாளி உப்பு கொண்டு வராரு. நீயும் வா."

"எதுக்கு?"

"சொல்லப் போறேன். நீ பக்கத்துல இருந்தா நாக்கு ஒட்டிக்காது."

போனை வைக்கப் போனேன், அவன் விடவில்லை.

"லொரீன், அது எந்தப் பக்கச் சுவர்ல? ஆணி?"

"வந்து பாரு" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு சிரித்தேன்.

நிக் கரவாஸ் கெட்டவர் அல்ல. அவருடைய தாத்தா கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து இதே மலைக்கு ஆடு மேய்க்க வந்தவர். அதையே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, தானே மேய்த்தது போன்ற ஒரு களைப்பு அவர் முகத்தில் வந்துவிட்டது. முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியிலிருந்து இறங்கவே ஒரு பாட்டு நேரம் ஆயிற்று. என்னைப் பார்த்து, "ஏம்மா லொரீன், எங்க வீட்டுக்காரி கம்பளி சுருங்கிப்போச்சுன்னு உன்னைத் திட்டிக்கிட்டிருக்கா" என்றார். கம்பளியை வெந்நீரில் போட்டது அவர் வீட்டுக்காரி.

பிறகு இருவரும் பேசினார்கள். புல் எப்படி இருக்கிறது என்று பேசினார்கள். நரி வந்ததா என்று பேசினார்கள். சாஸ்காவின் முன்னங்காலில் முள் குத்தியதைப் பற்றி ஒரு முழுக்கதையே நடந்தது. நான் கூண்டுவண்டிப் படியில் உட்கார்ந்து சிப்ரியானோவை முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பாமல் இருப்பதில் மிகவும் கவனமாக இருந்தான். கடைசியில் உப்புக்கட்டிகளை இறக்கி முடித்து, கரவாஸ் திரும்பிப் போகக் கதவில் கையை வைத்தபோது, இவன் தொப்பியைக் கழற்றினான்.

"முதலாளி, நான் போறேன்."

"எங்க, தண்ணிக்கா?"

"வேலையை விட்டு."

கரவாஸ் கதவிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார், மந்தையைப் பார்த்தார், திரும்பவும் இவனைப் பார்த்தார்.

"சொல்லிட்டா போற?"

"ஆமா."

"முப்பது வருஷமா ஆள் வச்சிருக்கேன். எவனும் என்கிட்ட சொல்லிட்டுப் போனதில்லடா." அவர் உண்மையாகவே திகைத்துப்போயிருந்தார். "இப்ப நான் என்ன சொல்லணும்? கோவப்படணுமா?"

"கொஞ்சம் படலாம்" என்றான் சிப்ரியானோ.

"படத்தான் செய்யுது! குட்டிகளைச் சந்தைக்கு ஏத்துற நேரம் பாத்துச் சொல்றான். புது ஆளுங்களுக்கு விசா வரலை. இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நானா வந்து இந்தக் கட்டில்ல படுக்கணும்?" குரல் ஏறியது, பிறகு தானாகவே இறங்கியது. "படுத்தா என்ன. வீட்டுல அந்தம்மாவுக்கு நிம்மதி." என் பக்கம் திரும்பினார். "நல்லா யோசிச்சீங்களாம்மா? இவன் வேலையை விட்டுட்டான்னு நான் அரசாங்கத்துக்குச் சொல்லியாகணும். சொல்லிட்டா அந்த விசா செத்துப்போச்சு. டென்வர்ல உங்க மனுவைத் தூக்கிப் போட்டானுங்கன்னா, திரும்பி வாடான்னு நான் நினைச்சாலும் கூப்பிட முடியாது."

"யோசிச்சோம்" என்றேன்.

"சரி. சொல்லிட்டுப் போறவன் ஒப்படைச்சிட்டுப் போகணும். கறுப்பைக் காட்டு."

மந்தையை யாரும் தலை தலையாக எண்ணுவதில்லை. நூறு வெள்ளைக்கு ஒரு கறுப்பாடு விடுவார்கள், கழுத்தில் மணியோடு. கறுப்பெல்லாம் இருந்தால் மந்தை முழுசாக இருக்கிறது என்று கணக்கு. ஒரு கறுப்பு குறைந்தால் அதோடு ஒரு கூட்டமே எங்கோ போயிருக்கலாம். சிப்ரியானோ விசிலடித்தான், சாஸ்கா வட்டமடித்து மந்தையை நெருக்கியது. இருவரும் மேட்டில் நின்று பார்த்தார்கள். சிப்ரியானோவின் விரல் காற்றில் நகர்ந்துகொண்டே வந்து நின்றது. திரும்பவும் முதலிலிருந்து நகர்ந்தது.

"காது கிழிஞ்சது இல்ல" என்றான். "காலையில பாத்தேன்."

"போகட்டும்டா, நான் தேடிக்கிறேன்."

"காலையில பாத்தேன்" என்றான் மறுபடியும், கரவாஸ் பேசியதே காதில் விழாதது போல. சாஸ்காவைக் கூப்பிட்டுக்கொண்டு முகட்டுப் பக்கம், ஆஸ்பென் தோப்புக்குள் ஏறிப் போனான். வெள்ளை மரங்களுக்கு நடுவில் அவனுடைய சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

நானும் கரவாஸும் படியில் உட்கார்ந்தோம். கொண்டுவந்திருந்த பன்றிக்கறி ரொட்டியில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். பிறகு மீதியையும் கொடுத்தேன். வெயில் உச்சியைத் தாண்டியது. மேற்கே மேகம் திரண்டது, இடிக்காமல் கலைந்தது. பேசுவதற்கு எங்களிடம் கம்பளி விஷயம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் தீர்ந்துபோயிற்று.

"இவ்வளவு நேரம் ஆகாதே" என்றார் கரவாஸ்.

"தேடுறாரு."

"அந்த முகட்டைத் தாண்டினா நெடுஞ்சாலை."

"தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"பொண்டாட்டியை இங்க உக்கார வச்சிட்டு எவனாவது ஓடுவானா?"

அவர் ரொட்டித்தூளைத் தட்டிவிட்டு, நல்ல மனிதர் என்பதால், பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததுதான் என்னைத் தின்றது. அட்டை அவனுடைய சட்டைப்பையில் இருக்கிறது. இன்று காலை அவன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்று நான்தான் அதை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். அதற்கு நான் தேவையில்லை, என் வீடு தேவையில்லை, ஆணி தேவையில்லை. இப்படியெல்லாம் நினைக்கிறாயே வெட்கமாக இல்லையா என்று ஒரு பக்கம் என்னையே திட்டிக்கொண்டேன். இன்னொரு பக்கம் கண் முகட்டை விட்டு அகலவில்லை.

அப்போது சாஸ்கா தோப்பிலிருந்து வெளியே வந்தது. தனியாக.

கரவாஸ் மெதுவாக எழுந்து தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் என் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. நாய் எங்களை நோக்கி ஓடிவந்தது. வண்டிக்கடியில் போய்ப் படுக்கப் போகிறது என்று நினைத்தேன். நாய் படுக்கவில்லை. என் காலருகே வந்து ஒருமுறை குரைத்தது, திரும்பிக் கொஞ்ச தூரம் ஓடியது, நின்று என்னைப் பார்த்தது. நான் எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டு, மந்தபுத்தி ஆட்டைக் கிளப்புவது போல் திரும்பி வந்து என் பாவாடை நுனியைக் கவ்வியது.

ஓடினேன். என் வயதும் எடையும் அந்த மேட்டுக்குச் சரிப்படாதவை. இருந்தும் ஓடினேன். தோப்புக்குள் எங்கே பார்த்தாலும் பழைய மேய்ப்பர்கள் மரப்பட்டையில் செதுக்கிய பெயர்கள், ஊர்கள், வருடங்கள், கறுத்துத் தடித்த எழுத்துகள். கிரேக்கப் பெயர்கள், ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்குகள், பெருக்காரர்கள். எல்லோரும் போய்விட்டவர்கள். அவர்களைத் தாண்டி நாயின் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன்.

விழுந்து கிடந்த இரண்டு மரங்களுக்கு நடுவில் சிப்ரியானோ மண்டியிட்டிருந்தான். காது கிழிந்த கறுப்பாட்டை இரண்டு கைகளாலும் தாங்கி நிறுத்திப் பிடித்திருந்தான். அதன் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி அதன் கூட்டத்து வெள்ளையாடுகள் சில, எதுவும் நடக்காதது போல் மேய்ந்துகொண்டிருந்தன.

"மரத்துக்கு நடுவுல மாட்டி மல்லாந்து கிடந்துச்சு" என்றான். "ரொம்ப நேரமா. கால்ல ரத்தமே ஓடல. நிமித்தினேன், விட்டா விழுந்துடுது. விட்டுட்டு வர முடியல, அதான் நாயை அனுப்பிச்சேன். அந்தப் பக்கம் பிடி."

மறுபக்கம் மண்டியிட்டு ஆட்டின் விலாவில் தோளைக் கொடுத்தேன். கனத்தது, சூடாக இருந்தது, நாறியது. மூச்சு திரும்பியதும் பேச்சோடு அழுகையும் வந்துவிட்டது.

"ஓடிட்டேன்னு நினைச்சேன்."

"யாரு?"

"நீ."

ஆட்டின் முதுகுக்கு மேலே அவன் தலை தெரிந்தது. "அட்டையோடவா?"

"அட்டையோட."

அவன் முகம் வாடியது. அதை நான் மறைக்கப் போவதில்லை. கொஞ்ச நேரம் ஆட்டின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றான். "இவ்வளவு நேரமாச்சு, அவ வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருப்பான்னு. நாய் என்கிட்ட தனியாத்தான் திரும்பி வரும்னு."

"நான் எதுக்குப் போறேன்? அடித்தகடு வேற கழண்டு கிடக்கு."

அவன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் வந்தான். "நான் பயந்தேன்ல, அந்த நினைப்பு உனக்கு வந்துடும்னு. வந்துடுச்சு. இதுதானா அது?"

"இதுதான்."

"ஒரு மத்தியானம்தான் இருந்துச்சா?"

"ஒரு மத்தியானம். போதாதா? செத்துப் பொழச்சேன்."

"இன்னொரு தடவை வரும்."

"வரட்டும். அப்பவும் நாயை அனுப்பு."

"நாய் முதலாளியோடதாச்சே" என்றான். சொன்ன பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது. சாஸ்கா எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்து முள் குத்திய காலை நக்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "நானே வரேன்" என்றான்.

ஆடு ஒரு காலை ஊன்றியது. மற்றதை ஊன்றியது. நாங்கள் இருவரும் கையை எடுக்கவில்லை, எடுக்கத் துணிவில்லை. கடைசியில் அது சலித்துப்போய்த் தானே எங்களை உதறிவிட்டு, மணி குலுங்க, கூட்டத்தைப் பார்த்து நடந்தது.

கரவாஸ் கீழே மேட்டிலேயே நின்றிருந்தார். மணிச்சத்தம் கேட்டதும் தொப்பியைத் தூக்கினார். கறுப்பு மந்தைக்குள் சேரும் வரை பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு என்ன சொல்வது என்று முன்மாதிரி இல்லையே. வண்டிக் கதவைத் திறந்து மூடினார்.

"உனக்கொரு தம்பி இருக்கான்ல?"

"அமாதோர்."

"ஆடு மேய்ப்பானா, இல்ல அவனும் வந்து பொண்ணு பாப்பானா?"

"கல்யாணம் ஆயிடுச்சு முதலாளி. ரெண்டு குழந்தை."

"நல்லதாப் போச்சு. தரகன்கிட்ட அவன் பேரைச் சொல்றேன். நீ ஓடலன்னு நீயே அவன்கிட்ட சொல்லிடு, எனக்கு ஸ்பானிஷ் வராது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை இருந்து, கரவாஸுக்கு அடுப்பு மூட்டுவதிலிருந்து எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் சிப்ரியானோ இறங்கினான். அவனுடைய சாமான் ஒரு பைக்குள் அடங்கியது. சாஸ்காவைக் கரவாஸ் கழுத்துப்பட்டையில் பிடித்துக்கொண்டார். அது இழுக்கவில்லை, குரைக்கவும் இல்லை. எங்கள் வண்டி கிளம்புவதை வேலை நேரத்தில் ஏதோ தவறு நடப்பது போல் உற்றுப் பார்த்தது. சிப்ரியானோ திரும்பிப் பார்க்கவில்லை. வெகுதூரம் வரை கன்னத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

தோப்பு பாதையைத் தொடுகிற இடத்தில், "நிறுத்து" என்றான்.

இறங்கிப் போய் ஒரு இளம் ஆஸ்பென் மரத்தைத் தேர்ந்தெடுத்தான். இறங்கிப் போகிற மேய்ப்பர்கள் பெயர் எழுதிவிட்டுப் போவது இங்கே வழக்கம். ஓடுகிறவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது. பேனாக்கத்தியின் நுனியால் பட்டையில் மெல்லக் கீறினான், தோலுக்கு வலிக்கக் கூடாது என்பது போல. தன் பெயரைக் கீறினான். கத்தி நின்றது.

"ஊரு என்ன போடட்டும்?" என்றான்.

மற்றவர்கள் எல்லோரும் எங்கோ தொலைவில் இருக்கிற தங்கள் சொந்த ஊரைப் போட்டிருந்தார்கள். நான் யோசித்தேன்.

"சலவைக்கடைன்னு போடு."

போட்டான். அதற்குக் கீழே என் பெயர். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மயிரிழை மாதிரி ஏதோ, அதுவும் வெயில் சாய்ந்து விழுந்தால்தான். டென்வரில் அந்த அதிகாரி, நீங்கள் சேர்ந்து வாழ்வதற்கு என்ன சாட்சி என்று கேட்கும்போது இதைக் காட்டினால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்.

"எங்கய்யா எழுதின?"

"இருக்கு. ஆழமா வெட்டினா மரம் செத்துடும். இப்படித்தான் எழுதணும். மரம் பெருக்கப் பெருக்க எழுத்து கறுத்துப் பெருசாகும்."

"எவ்வளவு நாளாகும்?"

"அஞ்சாறு வருஷம் போகட்டும். வந்து பாக்கலாம்."

வந்து பார்க்கலாம் என்று அவன் சொன்ன விதம் வெகு சாதாரணமாக இருந்தது. அவன் கத்தியை மடக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தான். நான் அந்த வெறும் வெள்ளைப் பட்டையில், என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், விரலை வைத்துப் பார்த்தேன். கீறல் ஈரமாக இருந்தது.